நாப்பத்தி மூணு கிலோ

வாங்க வாங்க. இப்படி நெழலுக்கு வந்துருங்க. ஈரோட்டுல இருந்து பஸ்ஸுலயா வந்தீங்க? வெயில்ல கிறுகிறுன்னு வந்திருக்குமே. காரு எங்கயும் போயிராது, அந்தா ஷெட்டுக்குள்ளதான் நிக்குது. மொதல்ல டீயக் குடிங்க. நாந்தான் போட்டேன். எங்கூட்டுக்காரி மார்க்கெட்டுக்குப் போயிருக்கா, டவுன் பஸ்ஸுல. சக்கரை முன்னப்பின்ன இருந்தா சொல்லிருங்க, கோவிச்சுக்க மாட்டேன்.

போன்ல ரெண்டு கேள்வி கேட்டீங்க. ஆட்டோகிராஸ்ல ஸ்ட்ரீட் கிளாஸ் ஓட்டலாம்னு இருக்கறேன், இந்தக் காரு ஆகுமான்னு ஒண்ணு. ஆகுமுங்க, தாராளமா ஆகும். போன வருசம் இதுலதான் நான் மொதல் எடம் வாங்குனது, கப்பு உள்ள டிவி பக்கத்துல இருக்குது. அப்புறம் ஏன் விக்கறீங்கன்னு கேட்டீங்க பாருங்க, அதுக்குத்தான் போன்ல சட்டுன்னு வாய் வரலீங்க. நேருல வாங்கன்னு சொன்னது அதுக்கோசரந்தான்.

நீங்க இன்னும் ஒரு போட்டிகூடப் பாக்கலைன்னு சொன்னீங்க இல்லீங்களா, அதனால ஆரம்பத்துல இருந்து சொல்றேன். மைதானத்துல ஆரஞ்சு கலர் கோன் வெச்சு வளைச்சு வளைச்சு வழி போட்டிருப்பாங்க. ஒரு நேரத்துல ஒரு காருதான் ஓடும். எதுத்தாப்புல ஒருத்தரும் வர மாட்டாங்க, கடிகாரந்தான் எதிராளி. ஒரு நிமிசத்துக்குள்ள முடிஞ்சு போயிரும். கோன் ஒண்ணு சாஞ்சா ரெண்டு செகண்ட் கூட்டிருவாங்க. ரெண்டு செகண்ட் கூடுச்சுன்னா அன்னைக்குப் பொழப்பு அவ்வளவுதான். ஆளுக்கு ரெண்டு ஓட்டம், அதுல நல்ல டைம் எதுவோ அதுதான் எடுப்பாங்க. ஸ்ட்ரீட் கிளாஸ்னா கம்பெனியில இருந்து எப்படி வந்துச்சோ அப்படியே ஓட்டோணும். டயரும் பிரேக் பேடும் மாத்திக்கலாம், வேற எதுலயும் கை வெக்கக் கூடாது. அதனாலதாங்க எந்தக் காரு எடுக்கறோங்கறதுலயே பாதிப் போட்டி முடிஞ்சுது. ஒரே கார ரெண்டு பேரும் ஓட்டலாம். அப்படித்தான் நானும் எங்கூட்டுக்காரியும் ஓட்டுனோம்.

அவ பேரு பூங்கொடி. என் பேரு தங்கமுத்து, போர்டுல பாத்திருப்பீங்க. நமக்குத் தொழில் எடைமேடைங்க. லாரி ஏறி நிக்குமே, அந்த மேடை. அது சரியாக் காட்டுதான்னு பாத்து, தப்பாக் காட்டுனா சரி பண்ணிக் குடுக்கறது. இருபத்தாறு வருசமாச்சு, என் கைபட்ட மேடையில ஒரு கிலோ கூடக் காட்டுச்சு, கொறையக் காட்டுச்சுன்னு ஒருத்தன் வந்ததில்ல. எடை விசயத்துல நான் பொண்டாட்டி புள்ளன்னு பாக்க மாட்டேன். இத மட்டும் மனசுல வெச்சுக்கங்க.

நீலாம்பூர் தாண்டி மூடிக் கெடக்கற மில்லு ஒண்ணு இருக்குது. முன்ன லாரி நிறுத்துன அந்த மைதானத்துலதான் எங்க கிளப்பு போட்டி நடத்துவாங்க. சின்னக் கிளப்பு, முப்பது நாப்பது பேரு. காரையெல்லாம் எடை போடோணும்னு செக்ரட்டரி ரெஜினால்டு சார் என்னக் கூப்பிட்டாரு. எடை போடப் போனவன் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்தேன். அத்தோட பிடிச்சுக்கிச்சு. நாப்பத்தொன்பது வயசுல என்னத்துக்குய்யா இதுன்னு எங்கண்ணன் கேட்டாரு. அவரு சீட்டாடுவாரு, நான் ஏதாவது கேட்டனா?

அப்ப எங்ககிட்ட இருந்தது வெள்ளைக் காருங்க. சின்னது. ஆயிரம் சிசி, எழுநூத்தி எழுபது கிலோ. பேரு வேண்டாம், பேரச் சொன்னா அந்தக் காரு வெச்சிருக்கறவங்க ஒரு பக்கம் சண்டைக்கு வருவாங்க. அது அவளோட காரு. பூங்கொடி இட்லி மாவு அரைச்சு கடைகளுக்குப் போட்டுக்கிட்டு இருந்தா. ரத்தினபுரி, கணபதி, சங்கனூரு, மொத்தம் நாப்பது கடை. காலையில அஞ்சரைக்குக் கெளம்புனா எட்டு மணிக்குள்ள வந்துருவா. அந்தச் சந்தெல்லாம் பாத்திருக்கீங்களா? ஒரு பக்கம் தண்ணிக் கொடம், ஒரு பக்கம் ஸ்கூட்டரு, நடுவுல கோழி. பின்னாடி மாவு வாளிங்க இருக்கும், திறந்த வாய், மேல ஒரு துணிதான். சடார்னு பிரேக் அடிச்சா மாவு சீட்டுல ஊத்திரும். ஒம்பது வருசம் போட்டா. ஒரு நாளும் சிந்துனதில்ல.

அதெல்லாம் ஓட்டறதுல சேத்தி இல்லீங்க. மாவு போடறது வேற, போட்டி வேற. சும்மா ஒரு தகவலுக்குச் சொன்னேன்.

மொதல் போட்டிக்கு எனக்குச் சோறு கட்டிக்கிட்டு வந்தா. புளி சாதம், உருளைக்கெழங்கு. பேரு குடுத்திருந்த ஒருத்தர் வரல. ரெஜினால்டு சார் சும்மா இருக்க மாட்டாம, "அக்கா, எடம் ஒண்ணு காலியா இருக்குது, நீங்க ஓட்டுங்களேன்"னாரு. இவ என்னப் பாத்தா. நாந்தாங்க, நானேதான், "போ, சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வா"ன்னேன். செருப்புப் போட்டு ஓட்டக் கூடாதுன்னாங்க. ஆரோ ஒரு புள்ளையோட ஷூவ வாங்கி மாட்டுனா. சேலையத் தூக்கிச் சொருவுனா. ஹெல்மெட்டு போடறதுக்காகத் தலையில இருந்த பூவ எடுத்து என் கையில குடுத்தா.

என் டைம் அம்பத்திரண்டு புள்ளி நாலு. அவ டைம் அம்பத்தொண்ணு புள்ளி மூணு.

எல்லாரும் கை தட்டுனாங்க. நானுந் தட்டுனேன், பூவக் கையில வெச்சுக்கிட்டே. "ஏனுங்க தங்கமுத்து, வூட்டுல ஆருங்க டிரைவரு?"ன்னு ஒருத்தன் கேட்டான். எல்லாருஞ் சிரிச்சாங்க. நானுஞ் சிரிச்சேன். எனக்கு அதுல ஒண்ணும் இல்லீங்க.

வூட்டுக்கு வர்ற வழியில நான் பேசல. கோவம்னு நெனச்சுராதீங்க, யோசனை. ஒரே காரு, ஒரே டயரு, ஒரே வெயிலு, அப்புறம் எப்படி ஒண்ணு புள்ளி ஒண்ணு செகண்ட் வரும்? யோசிச்சா சோறு எறங்குமா? எறங்கல. ரெண்டு நாள் சாப்பிடல, வாயத் தொறந்து பேசவும் இல்ல. அவ தட்டக் கொண்டாந்து வெப்பா, எடுத்துக்கிட்டுப் போவா. "என்னங்க, மேலுக்குச் சொகமில்லீங்களா"ன்னு கேப்பா. மூணாம் நாள்தான் எனக்குப் புடிபட்டுச்சு.

எடைங்க! நான் தொண்ணூத்தி நாலு கிலோ. அவ அம்பத்தொண்ணு. வித்தியாசம் நாப்பத்தி மூணு கிலோ. எழுநூத்தி எழுபது கிலோ காருல நாப்பத்தி மூணு கிலோன்னா அது சின்ன விசயமா? மேடைக்காரன் எனக்கே மூணு நாள் கழிச்சுத்தான் தோணுச்சு பாருங்க. அன்னைக்கு மத்தியானம் ஒரு வெட்டு வெட்டுனேன். அவளுக்கு அப்படி ஒரு சந்தோசம்.

அதோட விட்டிருக்கலாம். ஆனா நமக்கு எதையும் போட்டுப் பாத்தாகோணும். அடுத்த ஞாயித்துக்கெழமை ரெஜினால்டு சார்கிட்டச் சொல்லி மைதானத்தத் தொறக்கச் சொன்னேன். இருபத்தஞ்சு கிலோ அரிசிச் சிப்பம் ஒண்ணு, அளந்து கட்டுன பதினெட்டு கிலோ கோதுமை மூட்டை ஒண்ணு. ரெண்டையும் பக்கத்து சீட்டுல வெச்சு, பெல்ட்டு போட்டு, கயித்துல கட்டுனேன். "இப்ப நீயும் நானும் ஒரே எடை. ஓட்டு"ன்னேன். அவ மூட்டையப் பாத்துச் சிரிச்சா. "ஏனுங்க, இவருக்கும் ஹெல்மெட்டு வேண்டாமா?"ன்னா. அவ அப்படி விளையாட்டாப் பேசற ஆளுதாங்க. அப்ப.

மூட்டையோட ஓட்டியும் புள்ளி நாலு செகண்ட் முன்னால வந்துட்டா.

அதுக்கும் காரணம் இருக்குதுங்க. மூட்டை கீழ படிஞ்சு உக்காருது. மனுசன் எடை அப்படியா? வகுறு, நெஞ்சு, தலைன்னு மேல நிக்குது. வளைவுல சாய்க்கும். ஆக அந்தச் சோதனையே செல்லாது. இத அவகிட்ட நான் சொல்லல. சொல்றதுக்கு என்ன இருக்குது? அந்த வாரம் பூரா வெளிய மெஸ்ஸுல சாப்பிட்டேன். வேலை இருந்துச்சு.

அப்புறம் ரெண்டாவது போட்டி. அதுலதான் அவளுக்கு நிதானம் போச்சு. சொன்னா நம்ப மாட்டீங்க, ரெண்டு ஓட்டத்துலயும் கடைசிக் கோனச் சாச்சுட்டா. கடைசிக் கேட்டு அது, ரெண்டு பக்கமும் கோன் வெச்சு நடுவுல லாரியே போற அளவு வழி விட்டிருப்பாங்க. அதுல போயி இடிக்கறா. ரெண்டு செகண்ட் கூட்டுனாங்க, கீழ போயிட்டா. எனக்கு மூணாவது எடம், எங்க வம்சத்துலயே மொதல் கப்பு. வர்ற வழியெல்லாம் அவளுக்குச் சொல்லிக் குடுத்துக்கிட்டே வந்தேன். "கடைசியில அவசரப்படக் கூடாது பூங்கொடி. முடியப் போகுதுன்னு மனசு பறக்கும், அங்கதான் புடிச்சு நிறுத்தோணும்." அவ கப்ப மடியில வெச்சுக்கிட்டு, "செரிங்க, செரிங்க"ன்னு கேட்டுக்கிட்டா. அன்னைக்குக் கோழி அடிச்சுக் கொழம்பு வெச்சா. எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தேழு வருசத்துல அப்படி ஒரு ஞாயித்துக்கெழமை வந்ததில்லீங்க. சத்தியமாச் சொல்றேன்.

மூணாவது போட்டியிலயும் அதே கோனு. நாலாவதுலயும் அதே கோனு. நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். அவ அதுக்கு மேல முன்னேறல.

சரி, இனி காரு விசயத்துக்கு வர்றேன். வெள்ளைக் காருல மூணாவது எடத்துக்கு மேல போக முடியாதுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஒரு நோட்டுப் போட்டேன். மூணு காரு. ஒண்ணு ஒசரமா, ஜம்முன்னு உக்காரலாம், ஆனா வளைவுல கட்டில் மாதிரி சாயும். அது வேண்டாம். இன்னொண்ணு லேசு, நல்லா வளையும், ஆனா ரெண்டாவது கியர் சீக்கிரம் தீந்து போகும். எங்க மைதானத்துல ரெண்டாவது கியர்லயே முழுக்க ஓட்டிரோணும், நடுவுல மாத்துனா நேரம் போச்சு. மூணாவதுதான் இந்தச் சிவப்பு. டர்போ. தொள்ளாயிரத்தி தொண்ணூறு கிலோ, ஆனா இழுவை அதுக்கு மேல. ஸ்டியரிங்கு இந்த முனையில இருந்து அந்த முனைக்கு ரெண்டரைச் சுத்துதான். சீட்டு ஆள அப்படியே கவ்விப் புடிக்கும். முக்கியமா, ஓட்டறவன் தொண்ணூறு கிலோவா அம்பது கிலோவாங்கறது இதுல அவ்வளவாத் தெரியாது. இழுவை அத முழுங்கிரும். அதத்தாங்க நான் நெம்ப நாளாத் தேடிக்கிட்டு இருந்தேன். நாயமான காரு.

ஷோரூமுக்கு அவளையுங் கூட்டிக்கிட்டுத்தான் போனேன். இல்லைன்னு ஆரும் சொல்ல முடியாது. அவ உள்ள உக்காந்து பாத்தா. முன்னாடி எட்டிப் பாத்தா. ஒரே ஒரு கேள்விதான் கேட்டா, "ஏனுங்க, இந்த சீட்டு மேல ஏறுமுங்களா?" அவ நாலடி பதினோரு அங்குலம். ஷோரூம் பையன், "இல்லீங்க மேடம், இதுல அந்த வசதி கெடையாது"ன்னான். நான் சொன்னேன், "போட்டிக்குன்னா சீட்டு கீழதான் இருக்கோணும் பூங்கொடி, எடை கீழ எறங்கும்." செரிங்கன்னா. அவ அப்ப ஒரு வார்த்தை வேண்டாம்னு சொல்லியிருந்தா நான் எடுத்திருப்பனா? நீங்களே சொல்லுங்க.

வெள்ளைக் கார அங்கயே மாத்திக் குடுத்துட்டு வந்தோம். ரெண்டு காரு நிறுத்த நம்ம ஷெட்டுல எடமேது? மாவு வாளி இதுல பின்னாடி நிக்காதுங்க, டிக்கி வாய் சின்னது. ஒரு வாரம் போட்டுப் பாத்தா, ஒரு நாள் ஊத்திருச்சு. புதுக் காரு, சீட்டெல்லாம் மாவு. நான் ஒண்ணும் திட்டல. பைப்பத் தொறந்து விட்டு நானே கழுவுனேன், பேசாம. அடுத்த நாளே அவ மாவு லைன பக்கத்துத் தெரு அம்மிணி ஒருத்திக்குக் குடுத்துட்டா. எனக்கும் நல்லதாத்தான் பட்டுச்சு. ஒம்பது வருசமா விடியக்காலையில எந்திரிச்சவ, கொஞ்சம் ஓஞ்சு உக்காரட்டுமே.

போன வருசம் மொதல் போட்டி. அவளுக்கு பானெட்டு மறைக்குது, கோன் தெரியல. ஒரு தலகாணிய அடியில போட்டு உக்காந்துக்கிட்டா. கார செக் பண்ற எடத்துல, உள்ள கழண்டு கெடக்கற பொருள் ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு ரூலு. செக் பண்ணவரு அந்தப் பக்கம் ஆருகூடவோ பேசிக்கிட்டே கைய ஆட்டி விட்டுட்டாரு. எனக்கு மனசு கேக்கல. எடை விசயத்துல நான் எப்படின்னு சொன்னனில்ல? ரூலு விசயத்துலயும் அப்படித்தான். "சார், அடியில தலகாணி இருக்குதுங்க"ன்னு நாந்தான் சொன்னேன். எடுக்கச் சொல்லிட்டாங்க. அவ குனிஞ்சு எடுத்தா, ரெண்டா மடிச்சு என் கையில குடுத்தா. அப்புறம் ஏறி ஓட்டுனா. ஓட்டுனான்னு சொல்லப்படாது, ஸ்டியரிங்குக்கு மேல கழுத்த நீட்டி நீட்டித் தடவிக்கிட்டு வந்தா. அறுபத்தேழு செகண்ட். கடைசிக் கோனு மட்டும் இந்தத் தடவை சாயல. அதுக்குத் தேவையே வரல.

எறங்கி சாவியக் குடுத்துட்டு, "இனி நீங்க மட்டும் ஓட்டுங்க, எனக்கு முட்டி வலிக்குது"ன்னா. கட்டாயப்படுத்தறது நம்ம வழக்கமில்ல.

அந்த வருசம் நான் மொதல் எடம். கப்பு குடுத்தன்னைக்கு அவ வரல, வூட்டுல ஏதோ வேலை. நான் கப்ப வாங்கிக்கிட்டு எறங்குனா, நல்லா இருக்குதுன்னு காட்டறதுக்கு ஆரு இருக்கா? ரெஜினால்டு சார்கிட்ட, "எங்கூட்டுக்காரியும் நிதானமா ஓட்டியிருந்தான்னா ரெண்டு கப்பு வூட்டுக்குப் போயிருக்கும் சார்"ன்னேன், ஒரு பேச்சுக்கு. அவரு என்ன ஒரு மாதிரியாப் பாத்தாரு.

"தங்கமுத்து, உங்களுக்கு நெசமாவே தெரியாதா?"ன்னாரு.

என்னதுங்கன்னேன். கடைசிக் கேட்டுல கோன் எடுத்து வெக்கறதுக்கு லோகநாதன்னு ஒருத்தர் நிப்பாரு, பேங்குல இருந்து ரிட்டயர் ஆனவரு. அவரக் கூப்பிட்டாரு. அந்தாளு சொன்னாரு: "அக்கா அங்க வரைக்கும் சும்மா கம்பி மேல நடக்கற மாதிரி வருவாங்க. கடைசிக் கேட்டுல ஆக்சிலேட்டர்ல இருந்து காலத் தூக்குவாங்க, இன்ஜின் சத்தத்துலயே தெரியும். அப்புறம் ஸ்டியரிங்க இந்தப் பக்கம் லேசாத் திருப்பி, கோன அப்படியே தொட்டுச் சாச்சுட்டுப் போவாங்க. ஆறு தடவையும் நாந்தான் எடுத்து வெச்சேன். ஒரு கோன்லகூட அடிபட்ட தழும்பு இல்லீங்க. கையில தள்ளி விட்ட மாதிரிதான் சாயும்."

கப்ப எங்க வெச்சேன், எப்படிக் காரு எடுத்தேன், ஒண்ணும் நெனப்பில்ல. வூட்டுக்கு வந்தா அவ மொறத்துல பாசிப்பருப்பு பொடைச்சுக்கிட்டு இருக்கறா. நின்ன வாக்குலயே கேட்டேன், "நீ வேணும்னே கோனச் சாச்சியா?"

அவ மொறத்தக் கீழ வெக்கல. பொடைச்சுக்கிட்டேதான் சொன்னா.

"ஆமாங்க."

"ஏண்டி?"

"நான் முன்னால வந்தா நீங்க பேச மாட்டீங்க. சாப்பிட மாட்டீங்க. தட்டு வெச்சா வெச்ச மேனிக்கு இருக்கும். புள்ளையும் கட்டிக் குடுத்தாச்சு, வூட்டுல நான் வேற ஆருகிட்டப் பேசறது? ரெண்டு செகண்ட்தானுங்க. போனாப் போகுதுன்னு விட்டுட்டேன்."

அழுதிருந்தாக்கூடத் தேவலீங்க. மாவு லைன அடுத்தவளுக்குக் குடுத்தப்ப எப்படிச் சொன்னாளோ, அதே கொரல்ல சொல்றா. இருபத்தேழு வருசம் கூட இருக்கறவ, நான் ஒரு வாய் சோறு தின்னோணும்னு ஒரு வருசம் பூரா தோத்திருக்கறா. தோத்துட்டு, மடியில கப்ப வெச்சுக்கிட்டு, நான் பாடம் எடுக்கறதக் கேட்டுக்கிட்டு வேற வந்திருக்கறா. இது என்னங்க நாயம்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? நான் என்ன புலியா கரடியா? சொன்னாப் புரிஞ்சுக்கற மனுசன்தானுங்களே நானு.

அந்த வெசனம் ஒரு மாசம் மனசுல கெடந்து உருட்டுச்சு. அப்புறம் ஒரு முடிவுக்கு வந்தேன். ரெஜினால்டு சார்கிட்ட பழைய சின்னக் காரு ஒண்ணு இருக்குது, அவளோட வெள்ளைக் காரு மாதிரியே. ஒரு ஞாயித்துக்கெழமை காலையில அத எரவலா வாங்கிக்கிட்டு மைதானத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். போட்டியில்ல, வேடிக்கை பாக்கறதுக்கு ஒரு ஈ காக்கா இல்ல. அவளும் நானுந்தான். நானே கோன நட்டேன். நானே மொதல்ல ஓட்டுனேன். நாப்பத்தொன்பது, சரியா நாப்பத்தொன்பது. எறங்கி வந்து அவகிட்டச் சொன்னேன், "பூங்கொடி, இன்னைக்கு நீ என்னத் தோக்கடிக்கோணும். நான் பேசறேன். உக்காந்து உங்கூடச் சாப்பிடறேன். உங்கப்பன் மேல ஆணையாச் சொல்றேன்." அவ அப்பன் செத்து வருசமாச்சு, இருந்தாலும் அவளுக்கு அது பெரிய ஆணை. அவ சேலையத் தூக்கிச் சொருவுனா. அப்புறம் ஏறுனா.

நான் முடியற எடத்துல வாட்ச்சப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அன்னைக்குத்தாங்க நான் அவ ஓட்டி மொதமொதலாப் பாத்தது. அதுவரைக்கும் நான் வாட்ச்சத்தான் பாத்திருக்கறேன், அவளப் பாத்ததில்ல. என்னத்தச் சொல்ல? அந்தக் காரு எங்கயும் திடுக்குன்னு ஒரு அசைவு அசையலீங்க. வளைவுக்கு முன்னாலயே வேகத்தக் கொறைச்சு, வளைவு முடியறதுக்குள்ள ஏத்தி, ஒரு சத்தமில்ல, டயர் கிறீச்சிடல. உள்ள ஒரு வாளி தளும்பத் தளும்ப மாவு இருந்திருந்தாலும் ஒரு சொட்டு சிந்தியிருக்காது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. "வா சாமி, வா"ன்னு தனியா நின்னு கத்தறேன்.

கடைசிக் கேட்டு வந்துச்சு. வழி நல்லா அகலமா விட்டிருந்தேன். அவ காலத் தூக்குனா. ஸ்டியரிங்கு லேசாத் திரும்புச்சு. கோன் சாஞ்சுது.

கார நிறுத்திட்டு எறங்கி ஓடி வந்தா. மொகமெல்லாம் வெளுத்துப் போச்சு. "ஐயோ, வேணும்னு பண்ணலீங்க. சத்தியமாங்க. கை அதும்பாட்டுக்குப் போயிருச்சுங்க"ங்கறா. அவளே போயி அந்தக் கோனத் தூக்கி நட்டு, கோட்டுல சரியா இருக்குதான்னு குனிஞ்சு பாக்கறா. பாத்துட்டு, "எவ்வளவுங்க?"ன்னு கேட்டா.

வாட்ச்சுல நாப்பத்தியேழு புள்ளி ஆறு. என்னைய விட ஒண்ணு புள்ளி நாலு செகண்ட் முன்னால. கையில புடிச்சிருக்கறேன், கண்ணால பாக்கறேன். அதச் சொல்றதுக்குத்தான அத்தனையும் பண்ணுனேன்?

"நாப்பத்தொன்பது புள்ளி ஆறு"ன்னேன்.

வேணும்னு சொல்லலீங்க. கோன் சாஞ்சா ரெண்டு கூட்டோணும், அது ரூலு. வாய் அதும்பாட்டுக்குக் கூட்டிச் சொல்லிருச்சு. சொன்னதுக்கப்புறம் திருப்பி எடுக்கப் பாத்தேன், வர மாட்டேங்குது. அவ மொகம் அப்படியே தெளிஞ்சுது. மூச்சு விட்டா. "அப்ப நீங்கதான் முன்னால"ன்னு சொல்லிட்டு, சாவிய என் கையில வெச்சு, சுத்தி வந்து பக்கத்து சீட்டுல ஏறி பெல்ட்டப் போட்டுக்கிட்டா.

நாந்தான் ஓட்டிக்கிட்டு வந்தேன். ஆணை போட்டிருக்கறனே, பேசோணுமில்ல? நீலாம்பூர்ல ஆரம்பிச்சு வூட்டு வாசல் வரைக்கும் ஒரு எடத்துல நிறுத்தாமப் பேசிக்கிட்டு வந்தனுங்க. இந்தச் சிவப்ப வித்துட்டு உனக்கு எட்டற மாதிரி சின்னக் காரா எடுத்துக்கலாம்னும் சொன்னேன். அவ "செரிங்க, செரிங்க"ன்னு கேட்டுக்கிட்டே வந்தா.